அத்தையின் இடது கன்னம்

மார்ச் 14, சனி

இன்று ஸ்டுடியோவில் பதினேழு பாஸ்போர்ட் சைஸ் படம். கண் எரிகிறது. ஒரு தபால்காரருக்கு மூக்கின் மேல் மரு, எடுத்துவிட்டேன். ஒரு டீச்சருக்கு நெற்றியில் மூன்று கோடு. இரண்டை எடுத்துவிட்டு ஒன்றை மரியாதைக்கு விட்டுவைத்தேன். யாரும் எடுக்கச் சொல்வதில்லை. எடுத்த பிறகு யாரும் சண்டைக்கு வருவதுமில்லை. "நீ கம்ப்யூட்டர்ல உக்காந்தா இந்த ஊர்ல அழகில்லாதவங்களே கிடையாது" என்பார் முதலாளி. பதினோரு வருடமாக இதே வேலை. கை தானாகப் போகும். நான் வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு மாத லீவு எழுதிக் கொடுத்தேன். முதலாளி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நல்லபடியா போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னார். எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்கிற மனிதர்.

மார்ச் 15, ஞாயிறு

வீட்டுக்காரர் போன் செய்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் கிரேன் மெக்கானிக்காகப் போய் ஐந்து வருடம். அதில் கடைசிப் பதினான்கு மாதம், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். வைத்தியச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்கிறது, ஆனால் அங்கேயே செய்துகொண்டால்தான். அதனால் கிட்னி இங்கிருந்து போகிறது. என்னுடையது ரத்த வகையிலேயே அடிபட்டுப் போயிற்று. அத்தையுடையது, அதாவது அவர் அம்மாவுடையது, பொருந்தியிருக்கிறது. அத்தைக்கு ஐம்பத்தெட்டு வயது. ரிசல்ட் வந்த அன்று ஜெயித்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "பத்து மாசம் சுமந்த உடம்பு. இந்தச் சின்ன விஷயத்துக்கா ஒத்துக்காமப் போயிடும்?"

வெள்ளிக்கிழமைக்குள் அத்தை அங்கே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். திங்கள் ஆபரேஷன். பெரிய டாக்டர் அந்த ஒரு வாரம்தான் இருப்பார். அடுத்து எப்போது வருவார் என்று கேட்டால் ஆளுக்கொரு மாதம் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் கையில் ஊசி போட இனி இடமில்லை, கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். அதிலும் போன மாதம் சீழ் பிடித்தது. "இன்னொரு தடவை அப்படி ஆனா தாங்காதுன்னு நர்ஸ் சொல்றாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயமாக இருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

வண்டியில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. அத்தை பெட்டியை மூன்று தடவை கட்டி மூன்று தடவை பிரித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மார்ச் 18, புதன். காலை 10

எல்லை ஊர். எங்கள் வண்டி இதோடு சரி. சோதனைக் கூடத்தைத் தாண்டி அந்தப் பக்கத்து பிளாட்பாரத்துக்குப் போனால் அவர்களுடைய வண்டி, இரண்டு நாற்பதுக்கு. நாளுக்கு ஒன்றே ஒன்று. நாளைக் காலை ஏழு மணிக்கு அங்கே இறங்கிவிடலாம். வண்டி வரும்வரை நாலரை மணி நேரம் சும்மா.

ஊர் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரே தெரு. ஒரு மருந்துக் கடை, பூட்டுக் கடை, இரண்டு லாட்ஜ், போர்டு கோணலாகத் தொங்கும் ஒரு ஸ்டுடியோ. அத்தை காத்திருப்பு அறை பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். முப்பது வருடம் சலவைக் கூடத்தில் வேலை செய்தவர். உலகத்தில் எதுவும் அவருக்குப் போதுமான சுத்தமில்லை. "டீ குடிப்போமா அத்தை?" என்றேன். "வேணாம்டி. அங்க போய் ரத்தம் எடுத்தா டீ வரப்போவுது." இருவரும் சிரித்தோம். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கூடச் சிரித்தார்.

11.40

 பெஞ்சுக்குத் திரும்பி வந்து எழுதுகிறேன்.

கவுண்ட்டரில் பழுப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு அதிகாரியம்மா. என் பாஸ்போர்ட்டைப் பார்த்து உடனே திருப்பிவிட்டார். அத்தையுடையதை வாங்கினார். படத்தைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது யாரு?"

"நான்தாம்மா."

"அடையாளக் குறின்னு 'இடது கன்னத்தில் தழும்பு'ன்னு போட்டிருக்கு. உங்களுக்கும் இருக்கு. படத்துல இருக்கறவங்களுக்கு இல்லையே?"

அப்போதுதான் உறைத்தது. கடவுளே! அந்தப் படத்தை எடுத்தது நான். டச்சப் செய்தது நான்.

சலவைக் கூடத்தில் நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டு அத்தை முகத்தில் அடித்தது என் கல்யாணத்துக்கு ரொம்ப முன்னால். கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை, உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு. தினமும் பார்க்கிற எனக்கு அது கண்ணில் படுவதேயில்லை. அன்றைக்கு ஸ்டுடியோவில் நல்ல கூட்டம். வரிசையாக முகங்கள், நடுவில் அத்தை முகம். கை போயிருக்கிறது, அழித்திருக்கிறது. விண்ணப்பத்தில் தழும்பு என்று எழுதியதும் இதே கைதான். வாங்கிக்கொண்ட பாஸ்போர்ட் ஆபீஸ்காரரும் தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை. ஆளாளுக்குச் சேர்ந்து அத்தையை வேறு யாரோ ஆக்கி வைத்திருக்கிறோம்.

இரண்டு பாஸ்போர்ட்டையும் ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு ஸ்வெட்டரம்மா உள்ளே போய்விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? சொன்னால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்றுதான். வேறென்ன.

1.45

விரல் ரேகை மிஷினில் அத்தை விரலை வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. பத்து விரலும் ஆயிற்று. முப்பது வருடம் சோடாவிலும் கொதிநீரிலும் ஊறிய விரலில் ரேகைக்கு எங்கே போவது?

பிறகு எங்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்தார்கள். என் அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஜன்னல் இல்லை. ஸ்வெட்டரம்மா கடிதத்தை மேசையில் போட்டார்.

"இதே மாதிரிக் கடிதத்தோட வருஷத்துக்கு நாலு பேராவது வர்றாங்க. அம்மாம்பாங்க, அக்காம்பாங்க. போகும்போது ரெண்டு கிட்னி, திரும்பி வரும்போது ஒண்ணு. எதுக்குப் போனோம்னே அந்தப் பொம்பளைக்குத் தெரியாது. இவங்களை எங்க புடிச்சீங்க?"

புடிச்சீங்களா?  "என் மாமியார் மேடம்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"உங்க வீட்டுக்காரர் பிறந்த தேதி?"

சொன்னேன். குறித்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டு வந்தார். "அவங்க வேற தேதி சொல்றாங்க."

சொல்லாமல் என்ன செய்வார்? பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயது பற்றவில்லை என்று நாலு மாதம் முன்னால் தள்ளிப் போட்ட தேதிதான் சர்டிபிகேட்டில் இருப்பது. கட்டிக்கொண்டவள் நான், அதைச் சொன்னேன்; பெற்றவர் பெற்ற தேதியைச் சொல்லியிருக்கிறார். விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. ஸ்வெட்டரம்மா எதையோ எழுதிக்கொண்டே இருந்தார்.

2.40

வண்டி போய்விட்டது.

மாலை 5

லாட்ஜ். ஊரைவிட்டுப் போகக் கூடாது, நாளைக் காலை ஒன்பது மணிக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பாஸ்போர்ட் இரண்டும் அங்கேயே.

அவர் போன். "ஏறிட்டீங்களா?"

"வண்டி லேட்டு."

"எவ்வளவு நேரம்?"

"தெரியலை. சொல்றேன்."

எட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் அவரிடம் சொன்ன பெரிய பொய் இதுதான். இந்த நேரத்தில் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறக் கூடாதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி, அவர் ஒரு வார்த்தையும் திட்டமாட்டார் என்பதுதான். திட்டாத மனிதரிடம் எப்படிச் சொல்வது, உங்கள் உயிரை நான்தான் இங்கே மாட்டி வைத்திருக்கிறேன் என்று?

அத்தையிடம் சொல்லிவிட்டேன். அடக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். "அத்தை, அந்தப் படத்துல தழும்பை அழிச்சது நான்தான். வேணும்னு பண்ணலை. கைப்பழக்கம். உங்க பிள்ளையை நானே..." 

அத்தை காலைப் பிடித்துவிடுவதை நிறுத்தினார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்டி" என்றார்.

"என்ன தெரியும்?"

"படத்தை நீ கையில குடுத்தப்பவே தெரியும். எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லலை."

"ஏன் அத்தை?"

"நல்லா இருந்துச்சு." அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "இருபது வருஷம் கழிச்சு என் மூஞ்சியைப் பார்த்தேன். வாயைத் திறந்தா நீ மறுபடியும் தழும்பைப் போட்டுக் குடுத்துடுவியேன்னு பேசாம இருந்துட்டேன். கிழவிக்கு வந்த ஆசையைப் பாரு. பிள்ளை உசுருல வந்து விடிஞ்சிருக்கு."

மாமனார் போனபோதுகூட மற்றவர்களை அதட்டிக்கொண்டு நின்றவர் அத்தை. இன்று அழுதார். நானும் அழுதேன். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.

மார்ச் 19, வியாழன். காலை 9.40

ஸ்வெட்டரம்மா: "புதுசா படம் ரெண்டு எடுத்துட்டு வாங்க. தலைமை ஆபீசுக்கு அனுப்பறேன். சரிபார்த்துச் சொல்ல பத்து வேலை நாள் ஆகும்."

பத்து வேலை நாள். இன்று வண்டி ஏறினால்தான் நாளை, வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியில் சேர முடியும்.

"மேடம், திங்கக்கிழமை ஆபரேஷன்..."

"எனக்குப் புரியுதும்மா. ஆனா இவங்க யாருன்னு எனக்குத் தெரியணும். நாளைக்கு யாரோ ஒரு பொம்பளை வயித்துல தையலோட என் முன்னாடி வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. கோபக்காரராக இருந்தால் காலைப் பிடித்துக் கெஞ்சியிருக்கலாம். 'அழித்தது நான்' என்கிற வார்த்தை தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். சொன்னால் யார் நம்புவார்கள்? ஆதாரம் எங்கே? அழிக்காத படத்தை நான் என்றைக்குமே வைத்துக்கொண்டதில்லை, அதன் மேலேயே சேவ் செய்துவிடுவேன். இப்படி எனக்கு நானே பத்துக் காரணம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். பயந்தாங்கொள்ளி.

11.30

கோணல் போர்டு ஸ்டுடியோ. காதில் பென்சில் செருகிய குண்டு மனிதர். அத்தையை உட்கார வைத்தார், தோளை நேராக்கினார், எடுத்தார். "அஞ்சு நிமிஷம் உக்காருங்க" என்று திரை மறைவில் போனார். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். படத்தோடு வந்தார், முகமெல்லாம் பல்.

"நீங்க கேக்கவே வேணாம், நானே சரி பண்ணிட்டேன். அம்மா இப்ப எவ்வளவு லட்சணமா இருக்காங்க பாருங்க!"

தழும்பு இல்லை.

கத்திவிட்டேன். "யோவ், உன்னை யாருய்யா அழிக்கச் சொன்னது? அவங்க மூஞ்சியில இருக்கறதை அழிக்க நீ யாருய்யா? கேட்டியா? ஒரு வார்த்தை கேட்டியா?" கத்திக்கொண்டிருக்கும்போதே அது யாரைக் கேட்க வேண்டிய கேள்வி என்று தெரிந்தது. பாவம் அந்த மனிதர், பென்சில் கீழே விழுந்துவிட்டது. "பழக்கதோஷம் மேடம்" என்றார்.

அத்தை மட்டும் பதறவில்லை. படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏய், இங்க வா. இது பாஸ்போர்ட்ல இருக்கற அதே மூஞ்சிதானேடி?"

பையிலிருந்து பாஸ்போர்ட் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். காது மடல், புருவத்தின் வளைவு, உதட்டு ஓரம். கடவுளே, அதே முகம்.

"அழிக்காத படம் இருக்கா?" என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது. "அதும் மேலேயே சேவ் பண்ணிட்டீங்களா?"

"இல்ல மேடம், காமிராவுலயே இருக்கு."

"ரெண்டையும் பிரிண்ட் போடுங்க. கடையைப் பூட்டுங்க. எங்ககூட வாங்க."

நான் போட்ட கத்தலுக்கு அவர் ஏன் வந்தார் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. வந்தார்.

1.50

வேகமாக எழுதுகிறேன். மேசையில் மூன்று முகம்: தழும்போடு ஒன்று, அழித்தது ஒன்று, பாஸ்போர்ட். ஸ்டுடியோக்காரர் வேர்த்துக்கொண்டே சொன்னார், "நான்தான் மேடம் அழிச்சேன். இந்தத் தொழில்ல எல்லாரும் பண்றதுதான்." ஸ்வெட்டரம்மா ஸ்கேலை வைத்துப் பார்த்தார், லென்ஸை வைத்துப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"சரி. இதை இவர் அழிச்சாரு. பாஸ்போர்ட்ல இருக்கறதை யாரு அழிச்சது?"

அத்தை முந்திக்கொண்டார். "அது எவனோ ஒரு கடைக்காரன்மா, பேர்கூட..."

"நான்தான் மேடம்" என்றேன்.

 ஸ்வெட்டரம்மா லென்ஸைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். அடையாளப் படத்தைத் திருத்துவது குற்றம். நான்தான் அழித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அத்தை மேல் இருக்கிற சந்தேகம் தீரும்; முப்பது நாளைக்குத் தற்காலிக அனுமதி கொடுக்க அவருக்கே அதிகாரம் இருக்கிறது. ஆனால் நான் எல்லையைத் தாண்ட முடியாது. விசாரணை முடியும்வரை இந்த ஊரிலேயே இருந்து, தினமும் பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அபராதமா, ஜெயிலா என்பதை மேலே இருப்பவர்கள் சொல்வார்கள். "யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கவே இல்லை என்று இங்கே எழுதினால் அது பொய். யோசித்தேன். ஜெயில் என்றால் எத்தனை மாதம் என்றுகூடக் கணக்குப் போட்டேன். பேனாவை அழுத்தியதில் முதல் தாள் கிழிந்துவிட்டது. இரண்டாவது தாளில் எழுதினேன்.

நான் எழுதும்போது ஸ்வெட்டரம்மா அத்தையைக் கேட்டார், "அம்மா, எதுக்குப் போறீங்கன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? என் பிள்ளைக்கு ஒண்ணு குடுக்கப் போறேன். ரெண்டையும் கேட்டாலும் குடுப்பேன், டாக்டர்தான் ஒத்துக்க மாட்டாரு."

3.15

அத்தை போய்விட்டார். தனியாக. கடைத்தெருவுக்குக்கூட என்னைத் துணைக்கு இழுக்கிறவர். ஒரு தாளில் எல்லா நம்பரும் எழுதிக் கொடுத்தேன். அவர் போன் அந்தப் பக்கம் வேலை செய்யாது. தடுப்புக்கு அப்பால் நின்று, "அழாதடி. பத்து மணின்னா பத்து மணிக்குப் போய் நில்லு, தூங்கிடாத" என்றார். பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

வீட்டுக்காரரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.  "அம்மா தனியாவா வர்றாங்க?" என்று மட்டும் கேட்டார். கூட வேலை பார்ப்பவரை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறாராம்.

மார்ச் 20, வெள்ளி

ஏழு மணிக்கு வண்டி சேர்ந்திருக்க வேண்டும். எட்டு. ஒன்பது. பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. அத்தை வேறு ஸ்டேஷனில் இறங்கிவிட்டாரா? அனுமதித் தாளைத் தொலைத்துவிட்டாரா? அங்கேயும் ஒருத்தர் உட்கார்ந்து 'இது யாரு' என்று கேட்கிறாரா?

12.20: மெசேஜ். "அம்மா வந்தாச்சு. அட்மிஷன் ஆச்சு. வந்ததும் என் பெட்ஷீட் அழுக்குன்னு நர்ஸோட சண்டை."

மார்ச் 21, சனி

கையெழுத்து. என் தாளை மேலே அனுப்பிவிட்டார்களாம்.

மார்ச் 22, ஞாயிறு

ஸ்டுடியோக்காரர், அறையில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வீர்கள், கடையில் வந்து இருங்கள் என்றார். போனேன். வந்த முதல் படத்திலேயே ஒரு மரு. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 23, திங்கள்

எட்டு மணிக்கு இரண்டு பேரையும் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர், ஒரே நேரத்தில், பக்கத்துப் பக்கத்து மேசையில். ஏதாவது ஆகிவிட்டால் நான் எல்லையைத் தாண்டிப் போய் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

4.30: அவரோடு வேலை பார்ப்பவர் போன். இரண்டு பேரும் வெளியே வந்தாயிற்று. "புது கிட்னி புடிச்சுக்கிச்சான்னு இன்னும் சொல்ல முடியாதாம்மா. பொறுக்கச் சொல்றாங்க."

மார்ச் 24, செவ்வாய்

பத்து மணிக்குப் போனேன். ரிஜிஸ்டரைத் திறக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுக்கவே பயமாக இருந்தது.

அத்தை! நர்ஸ் போனில் பேசுகிறார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"அத்தை, எப்படி இருக்கீங்க? வலிக்குதா?"

"என் வலி கெடக்குடி. அவன் ஒண்ணுக்குப் போறான்."

"என்னது?"

"ஒண்ணுக்குடி! நேத்து சாயங்காலம் ஆரம்பிச்சது நிக்கவே இல்லையாம். பை நிறைய நிறைய மாத்திக்கிட்டே இருக்காங்களாம். டாக்டர் வந்து பையைத் தூக்கிப் பார்த்துட்டுச் சிரிச்சாராம். அதான் கணக்காம், வேலை செய்யுதுன்னு அர்த்தமாம்."

இத்தனை மாதமாக ஒரு சொட்டு இல்லாத மனிதர். அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்வெட்டரம்மா எழுந்து ஓடி வந்தார். "என்னாச்சு? சொல்லுங்கம்மா, என்னாச்சு?"

"அவர் ஒண்ணுக்குப் போறாராம் மேடம்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்வெட்டரம்மா ஒரு நிமிடம் முழித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் நுனியில் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். என் பாஸ்போர்ட் இன்னும் அவர் டிராயரில்தான் இருக்கிறது. மேலே இருந்து பதில் வரவில்லை. இன்றைய கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். நாளைக்கும் பத்து மணிக்கு வர வேண்டும்.